ஆனந்தவள்ளியின் அருவிச் சட்டை

தென்காசி
8.9.2024

அன்புள்ள மஞ்சுவுக்கு மதினி ஆனந்தவள்ளி எழுதுவது. சாரல் நின்றுபோன வருத்தத்தைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணனுக்குப் புளியறை செக்போஸ்ட் டூட்டி. லாரிப் புகையைக் குடித்துக் குடித்து இருமல் விடவில்லை. நீயும் உன் வீட்டுக்காரர் இசக்கிராஜா அண்ணனும் சுகம்தானே? நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் பத்தாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, எழுதித் தொலையுங்கள் என்று உன் அண்ணன் சொல்லிவிட்டார். அதனால் முந்திரிக்கொத்து பார்சலோடு இந்தக் கடிதம்.

சந்தோஷமான சேதி ஒன்று. இந்த சீசனில் அருவிச் சட்டை நூற்று நாற்பது போயிருக்கிறது! வீட்டு முன்னறையில் நான் ஒருத்தி உட்கார்ந்து தைத்தது. குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் துண்டும் சீயக்காயும் விற்கிற மாடத்தியக்கா கடையில்தான் தொங்கவிடுகிறேன். அவள் விற்கிற அழகை நீ பார்க்க வேண்டும். "இதப் போட்டுட்டுப் போங்கம்மா. தண்ணி எம்புட்டு வேகமா விழுந்தாலும் மேல ஏறாது. நனைஞ்சா ஒடம்புல ஒட்டாது. தோளு ரெண்டு மடிப்பு, அருவி அடிச்சாலும் வலிக்காது. நம்ம ஆனந்தவள்ளி தச்சது." அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்பதற்காகவே வாரம் ஒரு தடவை பஸ் ஏறிப் போகிறேன். போலீஸ்காரர் பெண்டாட்டி என்றுதானே ஊரில் எனக்குப் பெயர். இப்போதுதான் எனக்கென்று ஒரு பெயர் வந்திருக்கிறது.

ஒரு சந்தேகம். வீரகேரளம்புதூரிலிருந்து வந்த காலேஜ் பிள்ளை ஒருத்தி சட்டையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது ஃபாஸ்ட் ஃபேஷனா?" என்று கேட்டாள். சீக்கிரம் தைப்பேனா என்று கேட்கிறாள் போல என்று நினைத்து, "ஆமாம்மா, ரெண்டு மணி நேரத்துல ஒண்ணு முடிச்சிருவேன்" என்று பெருமையடித்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டாள். நீதான் திருப்பூர்க் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் பார்க்கிறவளாயிற்றே, அப்படி என்றால் என்ன? திட்டா, பாராட்டா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஆனந்தவள்ளி


திருப்பூர்
24.9.2024

அன்புள்ள மதினிக்கு வணக்கம். முந்திரிக்கொத்து வந்தது. கம்பெனிக்குக் கொண்டுபோனேன், ஒரு நிமிடத்தில் காலி. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அண்ணனைச் சுக்கு வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் காலேஜ் பிள்ளைக் கதையைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அது திட்டுதான் மதினி! ஃபாஸ்ட் ஃபேஷன் என்றால் சீக்கிரம் தைப்பது மட்டும் இல்லை. திங்கட்கிழமை எவளாவது ஒரு நடிகை போட்டிருப்பதைப் பார்த்தால், செவ்வாய்க்கிழமை நாங்கள் பேட்டர்ன் வெட்டிவிடுவோம். இரண்டு வாரத்துக்குள் துணி கடையில் தொங்க வேண்டும். வாங்குகிறவள் மூன்று தடவை போடுவாள், நாலாவது தடவை தையல் விடும், தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை வாங்குவாள். தையல் விட வேண்டும். விடாமல் உழைத்தால் எங்களுக்குப் பிழைப்பு ஏது? சீக்கிரம் பார்த்து, சீக்கிரம் தைத்து, சீக்கிரம் குப்பையில் சேர்ப்பது, அவ்வளவுதான் அதன் அர்த்தம். படித்த பிள்ளைகள் இப்போது அதைக் கெட்ட வார்த்தை மாதிரிச் சொல்லுகிறார்கள். ஆனால் வாங்குகிறவர்களும் அவர்கள்தான்.

முன்பெல்லாம் ஒரு பீஸைத் துவைத்துப் பார்த்து, காயவைத்து, சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்று பார்த்த பிறகுதான் கட்டிங் போடுவோம். எங்கள் முதலாளி அதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. "தொவைக்கிறதுக்கா வாங்குறாங்க?" என்பார்.

இன்னொன்று. கம்பெனிப் பெண்கள் எல்லோரும் திருமூர்த்தி மலை அருவிக்குப் போகிறோம். எனக்கு நானே ஒரு அருவிச் சட்டை தைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். கீழ் ஓரம் தண்ணீரில் மேலே ஏறாமல் இருக்க என்ன வைக்கிறீர்கள்? தோள் மடிப்பை எப்படி வெட்டுகிறீர்கள்? விவரமாக எழுதுங்கள்.

மஞ்சு


தென்காசி
10.10.2024

அன்புள்ள மஞ்சுவுக்கு. எல்லோரும் நலம், இருமலும் நலமாக இருக்கிறது.

கேட்டுவிட்டாய், சொல்லாமல் இருப்பேனா? கீழ் ஓரத்தில் சேலைக்கு அடிக்கிற ஃபால்ஸ் துணியை இரண்டு மடிப்பாக உள்ளே விட்டு, நடுவில் கனமான பைப்பிங் கயிறு ஓட்டுவேன். அந்தக் கனத்தில் சட்டை இறங்கியே நிற்கும். தோளுக்குத் தனியாக ஒரு துண்டு, முதுகுப் பக்கம் நாலு விரல் இறங்க வேண்டும். உள்ளே முட்டி வரைக்கும் காலுடுப்பு, இடுப்பில் சட்டையோடு சேர்த்துத் தைத்தது. பேப்பரில் வெட்டி அளவெல்லாம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று சீசன் ஆயிற்று. எத்தனை துணியைப் பாழாக்கியிருப்பேன் தெரியுமா? உனக்கு ஒரே தபாலில் வந்துவிட்டது, அதிர்ஷ்டக்காரி.

அருவிக்குப் போனால் நடு அருவியில் நிற்காதே.
ஆனந்தவள்ளி


தென்காசி
8.12.2024

அன்புள்ள மஞ்சுவுக்கு. போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் நலமாக இல்லை.

ஐயப்ப சாமிமார் கூட்டம் தொடங்கிவிட்டது, குடும்பம் குடும்பமாகக் குற்றாலத்தில் குளிக்கிறார்கள். நாற்பது சட்டை எடுத்துக்கொண்டு மாடத்தியக்கா கடைக்குப் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "இங்கன பாரு ஆனந்தி, நாலு கடையில தொங்குது" என்று கையைக் காட்டினாள். என் சட்டை. அதே தோள், உள்ளே அதே காலுடுப்பு, கீழே அதே ஓரம். ஃபால்ஸுக்குப் பதில் ஏதோ பிளாஸ்டிக் நாடா. கழுத்தில் "ஜில்வேவ்" என்று லேபிள். விலை இருநூற்று நாற்பத்தொன்பது. நான் துணியும் நூலும் வாங்குகிற காசுக்கு அவர்கள் சட்டையே விற்கிறார்கள்.

அதைக்கூட விழுங்கிவிடுவேன். செங்கோட்டை உமா மகேஸ்வரி டீச்சர் ஞாபகம் இருக்கிறதா, வருடா வருடம் குடும்பத்துக்கே பத்துப் பன்னிரண்டு எடுப்பார்களே, அவர்கள் கடைக்கு வந்தார்கள். இரண்டு பெண்கள் அளவு கொடுக்க நிற்கும்போது என் சட்டையையும் ஜில்வேவையும் மேஜையில் போட்டு, "கம்பெனி டிசைன பாத்து அடிச்சிட்டு, மூணு மடங்கு வெலைக்கு எங்க தலையில கட்டுதியே, ஒனக்கே நல்லாருக்கா?" என்று கேட்டார்கள். என்னிடம், மஞ்சு! நான் என்ன சொல்ல? நான்தான் முதலில் என்றால் யார் நம்புவார்கள்? அளவு கொடுக்க வந்தவர்களும் நாளைக்கு வருகிறோம் என்று போனவர்கள்தான்.

உன் ஊரில்தானே இதை அடிக்கிறார்கள். யாரென்று தெரிந்தால் சொல். அவன் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வருகிறேன்.

ஆனந்தவள்ளி


திருப்பூர்
22.12.2024

அன்புள்ள மதினிக்கு. கடிதம் பார்த்து மனசு கேட்கவில்லை. அழாதீர்கள், உடம்பு கெட்டுவிடும்.

திருப்பூரில் சந்துக்குச் சந்து கம்பெனி. யாரோ ஒருத்தர் குற்றாலத்தில் உங்கள் சட்டையை வாங்கிப் பிரித்துப் பார்த்திருப்பார்கள், அதற்கு ஒரு மணி நேரம் போதும். லேபிள் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஒரே கம்பெனி நாலு பெயரில் அடிக்கும். எங்கள் கம்பெனியில் அந்த மாதிரி எதுவும் நான் பார்க்கவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். போனதைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். புதிதாக ஏதாவது யோசியுங்கள், அவர்களால் எட்ட முடியாதபடி. ஜூன் சீசனுக்கு என்ன செய்வதாக இருக்கிறீர்கள்? எழுதினால் நானும் யோசனை சொல்வேன்.

மஞ்சு


தென்காசி
12.1.2025

அன்புள்ள மஞ்சுவுக்கு. பொங்கல் வாழ்த்து. உங்கள் வீட்டுப் பானை நன்றாகப் பொங்கட்டும்.

நீ சொன்னது சரி. புதிதாக ஒன்று யோசித்திருக்கிறேன். முதுகில் பட்டி இரண்டும் குறுக்காகப் போகும். இடது பக்கம் மட்டும் ஒரு பை, சாவி, மோதிரம் போட்டுவைக்க. அந்தப் பையின் மூடி மீன் வடிவத்தில் இருக்கும், வால்தான் பொத்தான் துவாரம். எப்படி? இன்னும் தைக்கவில்லை. மாடத்தியக்காவுக்குத் தெரியாது, உன் அண்ணனுக்கும் சொல்லவில்லை. இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். படம் பின்பக்கம்.

ஆனந்தவள்ளி


தென்காசி
23.2.2025
(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை. மெஷின் மேஜை டிராயரில் இருந்தது.)

ஏட்டி மஞ்சு,

உனக்கு அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. நலமா என்று கேட்கவும் மாட்டேன்.

இன்று காலை மாடத்தியக்கா கடையில் மீனைப் பார்த்தேன். குறுக்குப் பட்டி, இடது பக்கப் பை, மீன் மூடி, வாலில் பொத்தான். ஜில்வேவ். நான் ஊசியில் நூல் கோர்க்காத சட்டை, என் தலைக்குள்ளேயும் உனக்கு எழுதிய காகிதத்திலும் மட்டுமே இருந்த சட்டை, இருநூற்று எழுபத்தொன்பது ரூபாய்க்குக் காற்றில் ஆடுகிறது. எனக்குச் சந்தேகம் வந்துதான் அதை எழுதினேன். தப்பாகப் போகட்டும், நான்தான் பாவி, நாத்தனாரைச் சந்தேகப்பட்டவள் என்று ஆகட்டும் என்று அம்மன் சன்னதியில் வேண்டிக்கொண்டு எழுதினேன். என் சந்தேகத்தை நீ ஏமாற்றவில்லை.

உமா மகேஸ்வரி டீச்சர் என்னைத் திருடி என்று சொன்னதை உனக்கு எழுதினேனே, அதைப் படித்துவிட்டுத்தானே "அழாதீர்கள்" என்று எழுதினாய்? எழுதிவிட்டு அடுத்ததையும் கேட்டாய். உனக்குச் சோறு எப்படி இறங்கியது?

உன் அண்ணனிடம் சொன்னால், "ஒரே தங்கச்சி, விட்டுரு" என்பார். விடமாட்டேன். போனில் கத்தினால் அழுது மழுப்புவாய். அதுவும் வேண்டாம். உன் கம்பெனி துவைத்துப் பார்ப்பதில்லை என்று நீயே உன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாய். மட்டமான மெரூன் துணி சாயம் கக்கும். கல் உப்பும் வினிகரும் போட்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசாமல் வெள்ளையோடு சேர்த்துத் தைக்கவே கூடாது. ஊறவைக்க உங்களுக்கு ஏது மூன்று நாள்? எழுதுகிறேன், படமும் போட்டு, துணியும் வைத்து எழுதுகிறேன். அப்படியே எடுத்துக்கொள். ஆயிரக்கணக்கில் அடி. அத்தனையும் திரும்பி வந்து உன் தலையில் விழட்டும். யாரடி இந்த டிசைனைக் கொண்டுவந்தது என்று உன் முதலாளி நாலு பேருக்கு நடுவில் உன்னைக் கேட்க வேண்டும். நான் நின்ற மாதிரி நீ நிற்க வேண்டும்.


தென்காசி
2.3.2025

அன்புள்ள மஞ்சுவுக்கு மதினியின் ஆசிகள். இங்கே எல்லோரும் நலம். இருமல்கூடப் போய்விட்டது. இசக்கிராஜா அண்ணனுக்குப் பிடிக்குமே என்று நார்த்தங்காய் ஊறுகாய் வைத்திருக்கிறேன்.

மீனை யாரோ எடுத்துவிட்டார்கள். என்ன செய்ய, ஒரே யோசனை இரண்டு பேருக்கும் வரும் போல. அதை மறந்துவிட்டேன். இப்போது நினைத்திருப்பது வந்தால் குற்றாலமே திரும்பிப் பார்க்கும். உடம்பு முழுக்கத் தும்பைப்பூ வெள்ளை. தோளும் இடுப்புப் பட்டையும் மட்டும் கருஞ்சிவப்பு, மெரூன். மெரூன் நல்ல அழுத்தமாக, கடைத் துணியின் மினுமினுப்போடு இருக்க வேண்டும். வெளுத்த நிறம் எடுத்தால் எடுபடாது. படம் பின்பக்கம், துணி ஒரு துண்டு குத்தியிருக்கிறேன், தொட்டுப் பார். ஜூன் முதல் வாரம் சாரல் விழுகிறபோது கடையில் இருக்க வேண்டும். உன் அபிப்பிராயம் எழுது.

உன் அன்பு மதினி
ஆனந்தவள்ளி


திருப்பூர்
20.3.2025

அன்புள்ள மதினிக்கு. ஊறுகாயும் துணியும் வந்தன. ரொம்ப நன்றாக இருக்கிறது. இப்படி ஒரு யோசனை உங்களுக்குத்தான் வரும். வேலை நெருக்கடி, அதிகம் எழுத நேரமில்லை.

மஞ்சு


தென்காசி
29.6.2025

மஞ்சுவுக்கு ஆனந்தவள்ளி எழுதுவது. சாரல் நன்றாக விழுகிறது. அருவியில் தண்ணீர் நிறைய.

ஜில்வேவின் வெள்ளையும் மெரூனும் ஜூன் ஐந்தாம் தேதியே வந்துவிட்டது. மூட்டை மூட்டையாக இறங்கியதை நான் நின்று பார்த்தேன். மாடத்தியக்காவும் முப்பது எடுத்தாள். வேண்டாம் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அது நடக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போய்ப் பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பத்து மணிக்குள் எட்டுப் பேர். உள்ளே போகும்போது வெள்ளை, வெளியே வரும்போது நெஞ்சில் இருந்து முட்டி வரைக்கும் சிவப்புக் கோடு. கடைக்காரனைத் திட்டிக்கொண்டே பிழிந்தார்கள். ஜில்வேவ், ஜில்வேவ் என்று எல்லோர் வாயிலும் அந்தப் பெயர். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஆறு மாதக் கடனைத் தீர்த்த மாதிரி இருந்தது. சிரித்தேன் மஞ்சு. தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

பிறகு ஒரு பிள்ளை வந்தாள். பதினைந்து வயது இருக்கும். அவளுக்கு இடுப்புப் பட்டையில் இருந்துதான் அதிகம் இறங்கியிருந்தது, தொடையிலும் காலிலும் வழிந்தது. அவளுக்குத் தெரியவில்லை, சிரித்துக்கொண்டே கையை விரித்து நின்றாள். யாரோ ஒருத்தி, "ஐயோ, அந்தப் புள்ளைக்கு ரத்தம் போவுதே!" என்று கத்திவிட்டாள். எல்லோரும் திரும்பினார்கள். ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போனாள். இன்னொருத்தி, "வீட்டுக்குள்ள கெடக்க வேண்டிய நாள்ல இங்கன எதுக்கு வருதா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை குனிந்து தன் காலைப் பார்த்தாள். அழுத சத்தம் அருவியையும் மீறிக் கேட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "சாயம்ட்டி, துணியோட சாயம்தான், வேற ஒண்ணும் இல்ல" என்று அவள் சித்தி கத்துகிறாள், யாரும் கேட்கவில்லை. என் கையில் ஒரு துண்டு இருந்தது. கொண்டுபோய்ப் போர்த்திவிட எனக்குக் கால் வரவில்லை.

ஆகவே சொல்லிவிடுகிறேன். செய்தது நான். நீ திருடுகிறாய் என்று மீன் பையிலேயே தெரியும். தெரிந்துதான் மெரூனை அனுப்பினேன். உன் வேலை போக வேண்டும் என்றுதான் அனுப்பினேன். போயிருக்கும். எனக்குப் பணமும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். "நான்தான் எடுத்தேன் மதினி" என்று ஒரு வரி எழுது. அதுபோதும்.

ஆனந்தவள்ளி


திருப்பூர்
20.7.2025

மதினிக்கு மஞ்சு எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். என் வேலை போகவில்லை.

மார்ச்சில் நீங்கள் குத்தி அனுப்பிய துணியை அன்றைக்கே பக்கெட்டில் போட்டேன். பதினோரு வருடம் சாம்பிள் பார்த்தவள் நான், மெரூனை எனக்குத் தெரியாதா? ஐந்து நிமிடத்தில் தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் வெள்ளையோடு மெரூனைச் சேர்க்கிற ஆள் இல்லை. அப்போதே புரிந்துவிட்டது, உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் வலை விரித்திருக்கிறீர்கள் என்று.

கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. பிப்ரவரியில் எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சீசன் முடிஞ்சதும் வேற எடம் பாத்துக்க மஞ்சு, கம்ப்யூட்டரே ஒரு நாளைக்கு நாப்பது டிசைன் போடுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பதினோரு வருடத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. அதனால் உங்கள் படத்தை அவர் மேஜையில் வைத்தேன். ஃபைலில், "சாயம் போகிறது, துவைத்துப் பார்க்காமல் கட்டிங் போடக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவர் அதை அடித்துவிட்டு "நேரமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போடுவார் என்று தெரியும். ஜெராக்ஸ் எடுத்துவைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாயிரம் பீஸ் திரும்பி வந்தது. வாங்குகிற பெரிய பார்ட்டிகள் மூன்று பேர் கைவிட்டுவிட்டார்கள். எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். நான் ஜெராக்ஸை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பக்கத்துத் தெருக் கம்பெனியில் மறுநாளே என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள், சம்பளமும் கூட. உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கல்யாணம் முடிந்த மறுவாரம் ஐந்தருவியில் குளித்தோமே, தண்ணீர் அடித்து என் சுடிதார் கழுத்து வரைக்கும் ஏறி, அத்தனை பேரும் சிரித்து, நான் அழுதுகொண்டே ஓடினேனே, அந்த அழுகையில் இருந்துதானே உங்களுக்கு இந்தச் சட்டையே வந்தது? நீங்கள் தைக்கிற மெஷின் அப்பா எனக்கு வாங்கியது. அண்ணன் உங்களுக்குக் கொடுத்தான், என்னிடம் யாரும் கேட்கவில்லை. மாடத்தியக்கா உங்கள் பெயரைச் சொல்லி விற்கிறாள், என் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. யார் யாரிடம் எடுத்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பாவம்தான்.

மஞ்சு


தென்காசி
10.8.2025

மஞ்சு,

சுகம் விசாரிக்க மாட்டேன். நீ சுகமாக இருக்கிறாய் என்று எழுதிவிட்டாய்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நான் கேட்ட அந்த ஒரு வரி அதில் இல்லை. பழி வாங்கினேன் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் நீ எடுத்துக்கொண்டாய். என் சட்டையை எடுத்த மாதிரியே, என்னைக் கேட்காமல், உன் அளவுக்கு வெட்டி, உன் முதலாளிக்கு மாட்டிவிட்டாய். அதில் உனக்குச் சம்பள உயர்வு வேறு. நான் வயிறெரிந்து எழுதியதை வைத்து நீ குளிர் காய்ந்திருக்கிறாய். உன்னைப் பார்த்தால் அறைந்துவிடுவேன், ஊர்ப் பக்கம் கொஞ்ச நாள் வராதே.

மெஷின் உன்னுடையதுதான். அதில் நீ எழுதியது நியாயம். எண்ணெய் போட்டுத் துடைத்து நேற்றே பார்சல் ஆபீசில் கொடுத்துவிட்டேன், இந்தக் கடிதத்தோடு வரும். உன் அண்ணன் சாப்பிடாமல் டூட்டிக்குப் போனார். ஐந்தருவியில் உன்னைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் சேலையைப் பாதி பிரித்து உன்னைச் சுற்றிக்கொண்டு ஓடியது நான்தான், அதை நீ எழுதவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து அதே இடத்தில் கையில் துண்டோடு நான் நின்றேன், ஒரு பிள்ளைக்குப் போர்த்தவில்லை. என்னை அந்த மாதிரி ஆக்கிவிட்டாய் என்று எழுத நினைத்தேன். ஆக்கியது நீ இல்லை. நானேதான் ஆனேன்.

அந்தப் பிள்ளையைத் தேடிப் போனேன். அவள் சித்தி காசைத் திருப்பிக் கேட்டு மாடத்தியக்காவிடம் சண்டை போட்டபோது கீழப்பாவூர் என்று சொல்லியிருந்தாள், நரசிம்மர் கோயில் பக்கம் விசாரித்துப் பிடித்துவிட்டேன். யாரோ எடுத்த வீடியோ போன மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருக்கிறது. பிள்ளை பத்து நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் மெஷின் கேட்டு வாங்கித் தைத்த நீலச் சட்டை ஒன்று கொண்டுபோயிருந்தேன். கையை நீட்டவில்லை.

சித்தி, "நீங்க அந்தக் கம்பெனி ஆளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கம்பெனிக்காரன் அதத் தச்சான். சாயம் போவும்னு தெரிஞ்சே தைக்க வச்சது நானு."

பிள்ளை அப்போதுதான் திரும்பினாள். "எதுக்கு ஆன்ட்டி? நான் ஒங்கள என்ன செஞ்சேன்?"

"ஒனக்குன்னு செய்யலட்டி. வேற ஒருத்திய மனசுல வச்சு செஞ்சேன். ஒம்மேல விழுந்துட்டு."

சித்தி நீலச் சட்டையைத் தெருவில் எறிந்தாள். அவள் பேசியதை எழுத மாட்டேன், ஒன்றுகூடப் பொய் இல்லை. நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், அது சாயம், நான்தான் காரணம் என்று டீச்சரிடமும் பிள்ளைகளிடமும் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். தென்காசி முழுக்கத் தெரிந்துவிடும். இனி என்னிடம் யாரும் அளவு கொடுக்க வரமாட்டார்கள்.

வாசலில் இறங்கும்போது அந்தப் பிள்ளை, "யாரு அந்த ஒருத்தி?" என்று கேட்டாள். உன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது மஞ்சு. சொல்லவில்லை. உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. சொன்னால் இந்தப் பழியிலும் பாதியை நீ எடுத்துக்கொள்வாய்.

ஆனந்தவள்ளி